வயிற்றுப் புற்றுநோய் குடும்ப வழி வருவதா, கிருமியால் வருவதா?

தங்கச்சிமடத்தான் எழுதியது:

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் 61 வயதில் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார். அவருடைய அண்ணனான என் பெரியப்பாவும் சில ஆண்டுகளுக்கு முன்பு இதே நோயால்தான் இறந்தார். வீட்டில் நாங்கள் அண்ணன் தம்பிகள் மூவரும் ஒரு தங்கையும் இருக்கிறோம். எல்லோரும் முப்பதைக் கடந்தவர்கள், அண்ணனுக்கு நாற்பத்தைந்து ஆகிறது.

தந்தையாரின் திசு ஆய்வு அறிக்கையில் 'குடல் வகைப் புற்று' என்றும், புற்றை ஒட்டிய சவ்வில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி காணப்பட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள். உறவினர்களில் சிலர் இது பரம்பரை நோய், நம் கையில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். வேறு சிலர் கருவாடும் காரமும்தான் காரணம் என்கிறார்கள். சிகிச்சை அளித்த மருத்துவரோ, பிள்ளைகள் நால்வரும் அந்தக் கிருமிக்குப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லியனுப்பினார். பரம்பரை என்றால் கிருமிக்கு மருந்து எதற்கு, கிருமிதான் என்றால் பரம்பரை என்ற பேச்சு எதற்கு என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஓயவில்லை. விவரம் அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்கு உதவும்.

மண்டபம் செவிலி எழுதியது:

தம்பி, உங்கள் குடும்பத்தின் இழப்புக்கு என் ஆழ்ந்த இரங்கல். விரிவான விளக்கத்தை மருத்துவர்கள் எழுதட்டும். அதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நால்வரில் யாருக்காவது காரணமின்றி எடை குறைதல், சிறிது உண்டதும் வயிறு நிரம்பிவிடுதல், விழுங்குவதில் தடை, தொடர்ந்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், இரத்தச்சோகை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், கிருமிப் பரிசோதனைக்காகக் காத்திராமல் நேராக எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளுங்கள். நம் பக்கத்தில் இவற்றையெல்லாம் வாயுத் தொல்லை என்றும் அல்சர் என்றும் பெயரிட்டு, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியபடி மாதக்கணக்கில் கடத்திவிட்டு, நோய் முற்றிய பிறகு மதுரைக்கு ஓடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

தொண்டி மருத்துவர் எழுதியது:

நான் தொண்டியில் பிறந்து, மதுரையில் நோய்க்குறியியல் பிரிவில் பணிபுரிகிறேன். எண்டோஸ்கோப்பியில் எடுத்த திசுத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவது என் அன்றாட வேலை. தங்கச்சிமடத்து நண்பரின் கேள்வியில் உள்ள 'அல்லது' என்ற சொல்லை முதலில் எடுத்துவிட வேண்டும் என்று கருதுகிறேன். கிருமியும் மரபணுவும் ஒன்றுக்கு ஒன்று மாற்றான விளக்கங்கள் அல்ல. மிகப் பெரும்பாலான வயிற்றுப் புற்றுகளில் கிருமி தொடங்கிவைக்கிறது. அதன் தாக்குதலுக்கு உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது, சேதமான உயிரணு தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறதா இல்லையா என்பதில் மரபணுவின் பங்கு வருகிறது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள் 1982-இல் இந்தக் கிருமியை வளர்த்தெடுத்தார்கள். வயிற்றின் அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழ முடியாது என்று உலகமே நம்பியிருந்த காலம் அது. நம்பாதவர்களுக்குச் சான்று காட்டுவதற்காக மார்ஷல் 1984-இல் அக்கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1994-இல், உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இக்கிருமியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலை இருக்கும் பிரிவும் அதுதான்.

இக்கிருமி யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து, யூரியாவை உடைத்து, அம்மோனியாவால் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்கிறது. பிறகு சளிப் படலத்தைத் துளைத்துக்கொண்டு உட்சவ்வை ஒட்டிக் குடியேறுகிறது. இதன் சில வகைகளிடம் காக்-ஏ என்னும் புரதம் உண்டு. அதை ஊசி போன்ற ஓர் அமைப்பின் வழியாக நம் உயிரணுக்களுக்குள்ளேயே செலுத்திவிடும் ஆற்றல் அவற்றுக்கு இருக்கிறது. அத்தகைய வகைகள் மற்றவற்றைவிடக் கொடியவை. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள், தாயிடமிருந்தோ உடன்பிறந்தோரிடமிருந்தோ தொற்றி, மருந்து கொடுக்காவிட்டால் வாழ்நாள் முழுதும் தங்கிவிடுகிறது. பல்லாண்டு கால அழற்சியால் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேய்கின்றன. அதன் பின் இரைப்பைச் சவ்வு குடற்சவ்வின் சாயலுக்கு மாறுகிறது. அப்படி மாறிய இடத்தில் உயிரணுக்கள் ஒழுங்கு குலைகின்றன. இறுதியில் சிலருக்குப் புற்று தோன்றுகிறது. இந்தப் படிவரிசையை விளக்கியவர் பெலாயோ கொரேயா என்ற கொலம்பிய நோய்க்குறியியலாளர். தந்தையாரின் அறிக்கையில் உள்ள 'குடல் வகை' என்பது இந்த வழியில் வந்த புற்றையே குறிக்கிறது. இதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும் என்பதால்தான் தடுப்பதற்கு நமக்கு நேரமும் கிடைக்கிறது.

உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இக்கிருமி இருந்திருக்கிறது. அவர்களில் 1 முதல் 3 விழுக்காட்டினருக்கே புற்று வருகிறது. அந்தச் சிலர் யார் என்பதில்தான் மரபு பேசுகிறது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருந்தால் ஒருவருக்கான இடர் இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. ஒரே வீட்டில் ஒரே கிருமியும் ஒரே உணவும் பகிரப்படுவதும் இதில் அடங்கும் என்பதால், முழுப் பழியையும் மரபணுமேல் போடுவது சரியாகாது.

ஜப்பானில் பல்லாயிரம் பேரை வைத்து நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே குறிப்பிட வேண்டும். டி.என்.ஏ-வில் ஏற்படும் முறிவுகளைச் செப்பனிடும் பி.ஆர்.சி.ஏ 1, பி.ஆர்.சி.ஏ 2, ஏ.டி.எம், பி.ஏ.எல்.பி 2 ஆகிய மரபணுக்களில் ஒன்று பழுதாக இருந்து, கிருமியும் இருந்தால், 85 வயதுக்குள் வயிற்றுப் புற்று வரும் வாய்ப்பு 45.5 விழுக்காடு என்று அதில் கணக்கிட்டார்கள். கிருமி மட்டும் இருந்து மரபணுப் பழுது இல்லாதவர்களுக்கு அது 14.4 விழுக்காடு. கிருமி இல்லாதவர்களிடமோ, மரபணுப் பழுது இருந்தாலும் இடர் மிகக் குறைவாகவே காணப்பட்டது. ஜப்பானில் இந்நோய் மிகுதி என்பதால் அந்த எண்களை நம் ஊருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் மரபணுவும் கிருமியும் சேரும்போது இடர் கூட்டலாக அல்லாமல் பெருக்கலாக ஏறுகிறது என்ற உண்மை நமக்கும் பொருந்தும். பிறவியிலேயே வந்த மரபணுவை மாற்ற இயலாது. கிருமியை இரண்டு வார மருந்தில் அகற்றலாம். ஆகவே, 'எங்கள் குடும்பத்தில் பரம்பரையாக இருக்கிறது' என்று சொல்பவர்களுக்குத்தான் கிருமிப் பரிசோதனை மற்ற எவரையும்விட அவசியமாகிறது. உங்கள் மருத்துவர் சொன்னதன் பொருள் இதுவே.

இதற்கு நேரடிச் சான்று கொரியாவிலிருந்து வந்தது. வயிற்றுப் புற்று நோயாளிகளின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரில் கிருமி உள்ள 1,676 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்தும் மறு பகுதியினருக்குப் போலி மருந்தும் கொடுத்துச் சுமார் ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்தார்கள். 2020-இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றவர்களில் 1.2 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 2.7 விழுக்காட்டினருக்கும் புற்று வந்தது. கிருமி உண்மையிலேயே ஒழிந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 0.8 விழுக்காடு. உங்களைப் போன்ற பிள்ளைகளை வைத்தே செய்த ஆய்வு இது.

பாம்பன் கருவாட்டு வணிகர் எழுதியது:

மருத்துவர் ஐயாவின் விளக்கத்திற்கு நன்றி. ஆயினும் ஓர் ஐயம். கிருமி இந்தியாவில் பரவலாக இருக்கிறது என்கிறார்கள்; அப்படியானால் ஜப்பானைப் போல் இங்கும் இந்நோய் பெருகியிருக்க வேண்டுமே, ஏன் இல்லை? அடுத்து, எது நடந்தாலும் கருவாட்டைக் குற்றம் சொல்லும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. இக்கரையில் எத்தனையோ பெண்கள் மீனைக் கீறி, உப்பிட்டு, வெயிலில் காயவைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். எல்லாக் கருவாடும் ஒன்றல்ல. நெத்தலியைப் பெரும்பாலும் உப்பில்லாமலே காயப்போடுகிறோம். சீலா, திருக்கை போன்ற பெரிய மீன்களையே தொட்டியில் உப்பில் ஊறவைக்கிறோம்.

தொண்டி மருத்துவர் எழுதியது:

அண்ணாச்சியின் இரண்டு கேள்விகளும் ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டாக எழுப்பிவரும் கேள்விகளே.

இந்தியாவில் தொற்று மிகுதி, புற்று ஒப்பீட்டளவில் குறைவு என்பது உண்மை. கிருமியின் வகை, உணவு, உடலின் எதிர்வினை எனப் பல காரணங்கள் சேர்ந்தே இது நேர்கிறது. ஆனால் இந்தியா முழுவதும் ஒரே நிலை இல்லை. நாட்டிலேயே இந்நோய் மிக அதிகமாகப் பதிவாவது மிசோரமில். அங்கே புகையிட்டு உலர்த்திய இறைச்சியும் புகையிலைப் புகை ஏற்றிய நீரும் வழக்கத்தில் உள்ளன. வட மாநிலங்களைவிடத் தென்னகத்தில் அதிகம். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுகளில் வயிற்றுப் புற்று நெடுங்காலமாகவே முன்வரிசையில் இருந்துவருகிறது. எனவே 'இந்தியாவில் குறைவு' என்ற ஆறுதல் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு முழுமையாகப் பொருந்தாது.

கருவாட்டைப் பற்றிச் சொல்வதானால், மீன் எந்தத் தீங்கும் செய்யவில்லை. உப்பின் அளவே கவலைக்குரியது. மிகுந்த உப்பு இரைப்பையின் சளிப் படலத்தைச் சிதைத்து, கிருமி உட்சவ்வை எளிதில் அடைய வழி திறக்கிறது. காக்-ஏ புரதத்தை அக்கிருமி கூடுதலாக உண்டாக்கவும் தூண்டுகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. உப்பிட்டுப் பதப்படுத்திய உணவை நாள்தோறும் உண்பது இடரைக் கூட்டுகிறது என்பதில் ஆய்வுகள் பெரிதும் ஒத்துப்போகின்றன. அதனால் கருவாட்டை விலக்கச் சொல்லமாட்டேன். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல், வாரத்தில் ஒரு நாள் உண்பதற்கும், கஞ்சிக்கு நாள்தோறும் உப்புக் கருவாட்டைச் சுட்டுக் கடித்துக்கொள்வதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. உப்பில்லாமல் காயும் நெத்தலியை இந்தப் பட்டியலில் சேர்ப்பது நியாயமும் அல்ல. பீடி சிகரெட்டோ வயிற்றுப் புற்றுக்குத் தனித்த, உறுதிப்பட்ட காரணம்; படகில் புகைப்பவர்களைக் கடிந்துகொள்ளாமல் கருவாட்டை மட்டும் கடிந்துகொள்ளும் பேச்சு எனக்கும் உடன்பாடானது அல்ல.

நம்மைப் போன்ற மீனவர்கள் வாழும் இடமான தைவானின் மாட்சுத் தீவுகளில் வயிற்றுப் புற்று மிகுதியாக இருந்தது. அங்கே 2004 முதல், முப்பது வயதைக் கடந்த மக்களுக்கெல்லாம் மூச்சுப் பரிசோதனை செய்து, கிருமி இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். பல சுற்றுகளுக்குப் பின் தொற்று 64.2 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாக இறங்கியது. புதிதாகப் புற்று தோன்றுவது 53 விழுக்காடு குறைந்தது. மீன் உண்பதை அவர்கள் நிறுத்தவில்லை. பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இப்படி ஒரு திட்டம் ஏன் வரக் கூடாது என்று ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் நினைக்கிறேன்.

கீழக்கரை ஆசிரியை எழுதியது:

இந்த இழையைப் படித்தபின் துணிவு வந்து எழுதுகிறேன். என் ராத்தா (அக்கா) 38 வயதில் வயிற்றுப் புற்றால் மறைந்தார். அவருக்குக் கிருமி இல்லை என்றே பரிசோதனையில் வந்தது. அறிக்கையில் 'பரவல் வகை' என்றும் 'சிக்னெட் ரிங் செல்' (முத்திரை மோதிரம் போலத் தெரியும் உயிரணு) என்றும் எழுதியிருந்தார்கள். முதல் எண்டோஸ்கோப்பியில் கட்டி எதுவும் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் உம்மாவுக்கு ஐம்பது வயதில் மார்பகப் புற்று வந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் இன்று நலமாக இருக்கிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? எனக்கும் ராத்தாவின் பிள்ளைகளுக்கும் என்ன செய்ய வேண்டும்?

தொண்டி மருத்துவர் எழுதியது:

சகோதரி, நீங்கள் எழுதியது மிக முக்கியமானது. உங்கள் குடும்பத்தின் நிலை தங்கச்சிமடத்து நண்பரின் குடும்பத்திலிருந்து வேறுபட்டது. அதனால் விடையும் வேறு.

உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் ஈ-கேடெரின் என்ற புரதத்துக்கு சி.டி.எச் 1 என்னும் மரபணு பொறுப்பு. அது பழுதானால் உயிரணுக்கள் பிணைப்பு விட்டு, கட்டியாகத் திரளாமல், இரைப்பைச் சுவருக்குள் ஒவ்வொன்றாகப் பரவுகின்றன. எண்டோஸ்கோப்பியில் மேல்சவ்வு நன்றாக இருப்பதுபோலவே தெரியும். அதனால் முதல் பரிசோதனையில் தப்பிவிடுவது இவ்வகையில் அரிதல்ல. நியூசிலாந்தின் மவோரி இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்தில், இளம் வயதிலேயே பலர் இந்நோய்க்குப் பலியானதை ஆராய்ந்து, 1998-இல் இந்த மரபணுவைக் கண்டறிந்தார்கள். அம்மக்களே ஆய்வாளர்களை நாடிச் சென்று, தங்கள் குடும்ப வரலாற்றைத் திறந்து காட்டியதால் விளைந்த கண்டுபிடிப்பு அது. நோயை மறைக்காத அந்தக் குடும்பத்துக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது.

இதே மரபணுப் பழுது பெண்களுக்கு லோபுலர் என்ற வகை மார்பகப் புற்றையும் தருகிறது. எனவே உம்மாவின் பழைய அறிக்கையைத் தேடி எடுத்து, அதில் அந்த வகை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது வயதுக்குள் ஒருவருக்குப் பரவல் வகைப் புற்று வந்திருந்தால், அந்த ஒரு காரணமே மரபணுப் பரிசோதனைக்குப் போதும் என்று பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. பரிசோதனையை உங்களிடமிருந்து தொடங்காமல், நோய் வந்து மீண்ட உம்மாவிடமிருந்து தொடங்குவது நல்லது. அவரிடம் பழுது கண்டறியப்பட்டால், அதே பழுது உங்களிடம் இருக்கிறதா என்று தெளிவாகப் பார்த்துவிடலாம். ராத்தாவின் திசு, மெழுகுக் கட்டியாக அந்த மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவில் இன்னும் இருக்கக்கூடும். அதையும் கேட்டுப் பாருங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மையங்களில் மரபணு ஆலோசனை பெற்ற பின்னரே இரத்தம் கொடுங்கள்.

பழுது உறுதியானால், இரைப்பையை முழுமையாக அகற்றும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். கேட்பதற்கு அச்சமாக இருக்கும். இரைப்பை இல்லாமல், சிறு சிறு அளவாக உண்டு, பி 12 ஊசி போட்டுக்கொண்டு, வேலைக்குப் போய் வாழ்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பரம்பரையாக வரும் வயிற்றுப் புற்று மொத்தத்தில் 1 முதல் 3 விழுக்காடுதான் என்பதையும் மனத்தில் வையுங்கள். பிள்ளைகளுக்கு இப்போது எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவர்கள் வளர்ந்தபின் அறிந்து முடிவெடுக்கட்டும்.

சாயல்குடி வாசகர் எழுதியது:

சொந்தத்தில் மணம் முடிப்பதால்தான் இப்படிப் பரம்பரை நோய் வருகிறது என்று எங்கள் பக்கம் சொல்கிறார்கள். 'ஏ' வகை இரத்தம் உள்ளவர்களுக்கு அதிகம் வரும் என்றும் படித்தேன். இவை உண்மையா?

தொண்டி மருத்துவர் எழுதியது:

சி.டி.எச் 1 பழுது ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும்; ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்பு சரிபாதி. மாமன் மகளை மணந்தாலும் அயலாரை மணந்தாலும் அந்தக் கணக்கு மாறாது. இரண்டு பக்கமும் பழுது சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் வேறு நோய்களுக்குத்தான் சொந்தத் திருமணம் முக்கியமாகிறது. இதைச் சொல்லி எந்தப் பெண்ணின் வாழ்க்கையையும் குறை கூற வேண்டாம். 'ஏ' வகை இரத்தத்துக்கும் வயிற்றுப் புற்றுக்கும் தொடர்பு இருப்பதை 1953-லேயே இங்கிலாந்தில் கண்டார்கள். ஆனால் கூடும் இடர் சிறிது, அதற்காக யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை.

மண்டபம் செவிலி எழுதியது:

பரிசோதனையைப் பற்றி நடைமுறைச் செய்திகள் சிலவற்றைச் சொல்கிறேன். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது பயனற்றது. கிருமி போன பிறகும் அது பல காலம் இருக்கும். யூரியா மூச்சுப் பரிசோதனை, மலத்தில் கிருமிக் கூறு பார்த்தல், எண்டோஸ்கோப்பியில் திசு எடுத்தல் ஆகிய மூன்றில் ஒன்றையே கேளுங்கள். அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரத்துக்கும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரத்துக்கும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும்.

சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். ஒரு வேளைக்குப் பல மாத்திரைகள் இருக்கும். வாயில் உலோகச் சுவை தட்டும், குமட்டும். பிஸ்மத் என்னும் மருந்து சேர்ந்திருந்தால் மலம் கறுக்கும். ஐந்தாம் நாள் நெஞ்செரிச்சல் நின்றதும் பலர் மருந்தையும் நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சிய கிருமி அந்த மருந்துக்கு மசியாததாக மாறிவிடுகிறது. நம் நாட்டில் மெட்ரானிடசோல் என்ற மருந்துக்கு ஏற்கெனவே எதிர்ப்பு மிகுந்துள்ளது. அதை உட்கொள்ளும் நாள்களில் மது அறவே கூடாது. விசைப்படகில் செல்பவர்களுக்கு நான் சொல்லும் வழி, ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் பரிசோதனையையும் சிகிச்சையையும் வைத்துக்கொள்வது. கடலுக்குப் போகும் நாளில் வேளை தவறாமல் மாத்திரை எடுப்பது எளிதல்ல. தடைக்காலத்தின் 61 நாளில் மருந்தும் முடியும், மறுபரிசோதனையும் முடியும்.

தங்கச்சிமடத்தான் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் வீட்டு விவாதம் இந்த இழையால் தீர்ந்துவிட்டது. இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. மருந்து முடித்தபின் எண்டோஸ்கோப்பி தேவையா? எங்கள் சிறு பிள்ளைகளுக்கும் இப்போதே கிருமிப் பரிசோதனை செய்ய வேண்டுமா? தாயாரும் எங்களோடுதான் இருக்கிறார்.

தொண்டி மருத்துவர் எழுதியது:

தாயாரையும் சேர்த்து, பெரியவர்கள் அனைவரும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் அடுத்தவருக்குத் தொற்ற வாய்ப்பு உண்டு. எந்தத் தொல்லையும் இல்லாத சிறு பிள்ளைகளுக்குப் பொதுவாக வேண்டாம், அவர்கள் வளரட்டும். வயிற்று வலியோ இரத்தச்சோகையோ தொடர்ந்தால் குழந்தை மருத்துவரிடம் குடும்ப வரலாற்றைச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, கிருமி ஒழிந்ததா என்று மூச்சுப் பரிசோதனையில் உறுதி செய்யுங்கள். உங்கள் அண்ணன் ஒரு முறை எண்டோஸ்கோப்பியும் செய்துகொள்வது நல்லது. அதில் இரைப்பையின் மேல், கீழ்ப் பகுதிகளிலிருந்து தனித்தனியே திசு எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே குப்பியில் போட்டு அனுப்பினால், சவ்வின் மாற்றம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று எங்களால் சொல்ல இயலாது. சவ்வு பரவலாக மாறியிருந்தால், கிருமி ஒழிந்த பிறகும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையோ, குடும்ப வரலாற்றைக் கருதி அதற்கும் குறைந்த இடைவெளியிலோ திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். மாற்றம் இல்லாவிட்டால் அடிக்கடி பார்க்க வேண்டியதில்லை. செல்லும்போது தந்தையாரின் அறிக்கையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். பெரியப்பாவின் அறிக்கை கிடைத்தால் அதையும் கொண்டு செல்லுங்கள். அவருடையதும் குடல் வகைதானா என்று தெரிந்தால், மரபணுப் பரிசோதனை வேண்டுமா வேண்டாமா என்பதை உங்கள் மருத்துவர் அன்றே முடிவு செய்துவிடலாம்.